பொத்தேரிக்குப் போன சுரைக்காய்

செம்பாக்கம் ஏரிக்கரைச் சந்தைக்கு நான் கையில் பையில்லாமல் போனது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அவசரத்தில் என் கணவரின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடும்போது அது காலை விட்டுக் கழன்று கழன்று போனது.

கரையோரம் வழக்கம்போல் கோணிகளை விரித்துக் கடை பரப்பியிருந்தார்கள். முள்ளங்கிக் கட்டுகளில் ஈர மண் ஒட்டியிருந்தது. யாரோ கொத்தமல்லிக் கட்டை உதறினார்கள். வாசனை வந்து முகத்தில் மோதியது.

நான் தேடி வந்தது இரண்டு பேரை. ஒருவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தனியாக இருந்த வேதாசலம் சார். அவர் நன்றாக இருக்கிறாரா என்று தெரியவேண்டும். இன்னொருத்தி, காய்கறி விற்கும் கன்னியம்மா. அவள் முன்னால் இருக்கும் சுரைக்காய்களை யாரும் வாங்கிவிடக் கூடாது.

சற்று முன்புதான் என் கணவரைச் சேலையூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டு வந்திருந்தேன். அவர் எடுத்த வாந்தியில் ரத்தம் இருந்தது.

ஏரித் தண்ணீர் உள்வாங்கும்போது

நாங்கள் கடன்பட்டு வீடு கட்டிக் குடிவந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். எண்பதுகளின் பிற்பகுதி அது. எங்கள் காலனியில் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். காலையில் மின்சார ரயிலைப் பிடிக்கத் தாம்பரத்துக்கு ஓடுவோம், இருட்டியபின் திரும்புவோம். நல்ல காய்கறி வேண்டுமென்றால் தாம்பரம் மார்க்கெட்டில் கூட்டத்தில் இடிபட்டுத்தான் வாங்கவேண்டும்.

தை பிறந்துவிட்டால் மட்டும் அந்தக் கஷ்டமில்லை. ஏரித் தண்ணீர் மெல்ல உள்வாங்கும். பழைய கிராமத்துக் குடும்பங்கள் விற்காமல் மிச்சம் வைத்திருந்த துண்டு நிலங்களில் வெண்டை, கத்தரி, அவரை, சுரை, வெள்ளரி எல்லாம் காய்த்துத் தள்ளும். சித்திரை முடியும்வரை சனி, ஞாயிறு காலைகளில் கரையோரம் சந்தை. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும்.

கன்னியம்மா குடும்பத்து நிலத்தில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. எங்கள் வீடு நிற்கும் மனையும் ஒரு காலத்தில் அவர்களுடையதுதான்.

"ஒங்க கிச்சன் கீதே, அங்கதாங்கா எங்க கெணறு இருந்துது" என்பாள். அதில் வருத்தம் எதுவும் தெரியாது. இந்த பஸ் இப்போது வேறு வழியாகப் போகிறது என்று சொல்வதுபோல் சொல்வாள்.

அவளுக்கு ஏறக்குறைய என் வயதுதான். யார் மூத்தவள் என்று நாங்கள் பார்த்ததில்லை. அவள் அக்கா என்று கூப்பிட்டாள், அதுவே நின்றுவிட்டது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் நான் வாங்குவேன். "எல்லாத்தையும் ஒடிச்சிப் போட்டுட்டா நா யாருக்குக்கா விக்கிறது?" என்று ஒவ்வொரு வாரமும் திட்டுவாள்.

எனக்குப் பயந்த சுபாவம். கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதித் தெரு போய்த் திரும்பி வருகிறவள் நான். கத்தரிக்காயை வெயிலில் தூக்கிப் பிடித்துப் புழு ஓட்டை தேடுவேன். என் கணவர் நேர் எதிர். கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாரிடமாவது அரட்டைக்குப் போய்விடுவார்.

கசந்தாதான் மருந்து

அந்த வருடம் என் கணவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவருக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. அங்கே கூட வேலை பார்த்த யாரோ, வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஒன்று பிடித்துவிட்டால் ஊருக்கே சொல்லியாகவேண்டும். ரயிலில் சொன்னார். காலனி மீட்டிங்கில் சொன்னார். தினமும் தன்னோடு நடக்க வரும் வேதாசலம் சாரிடமும் சொன்னார்.

சார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். மனைவி இறந்தபின் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுரைக்காய் உடம்பிலுள்ள கெட்ட நீரையும் இறக்கும் என்று என் கணவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை கன்னியம்மாவிடம் இரண்டு சுரைக்காய் வாங்கினோம். இளம் பச்சையில், மேலே ரோமம் படிந்து, நகம் பட்டால் இறங்குகிற பிஞ்சுகள்.

"ரெண்டும் ஒரே கொடிக்கா" என்றாள் அவள். "வேலியாண்ட தானா மொளச்சிது. இன்னிக்குத்தான் மொத மொத ரெண்டு அறுத்தேன்."

அன்று சாயங்காலமே என் கணவர் ஒன்றைக் கொண்டுபோய் சாரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் மற்றதை நறுக்கி, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி டம்ளரில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன?"

"எட்டிக்காய் மாதிரி கசக்குது."

"அப்ப கொட்டிடுங்க. வேற காய் வாங்கிக்கலாம்."

"கசந்தாதாம்மா மருந்து. பாகற்காய் கசக்கலையா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் ஒரே மடக்கில் குடித்தார்.

நான் இட்லி ஊற்றப் போனேன். தட்டு வேகுமுன்பே, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினார். முதலில் பச்சையாக வந்தது. அப்புறம் வெறும் தண்ணீர். அப்புறம் சிவப்பாக.

எங்கள் மகள் காயத்ரி அப்போது பள்ளிக்கூடம் போகிற சிறுமி. குளியலறை வாசலில் நின்று, "அம்மா, அப்பா வாயில ரத்தம்மா" என்றாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

பூட்டிய வீடு

பக்கத்து வீட்டு விஜயா ஆட்டோ பிடித்து வந்தாள். காயத்ரியைத் தன் மாமியாரிடம் விட்டுவிட்டு அவளும் கூட ஏறிக்கொண்டாள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தவர் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது.

"சாருக்கு... இன்னொண்ணு சாருக்குக் குடுத்தேனே."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. சார் தெருவுக்குள் ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். இறங்கி ஓடிப்போய் கேட்டைத் தட்டினேன். வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஆனால் கேட்டில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட் அப்படியே கிடந்தது. எங்கேயாவது போவதாக இருந்தால் பாலை எடுத்து வைக்காமல் போகமாட்டார். குடித்துவிட்டு நடக்கப் போய், ஏரிக்கரையில் எங்காவது விழுந்து கிடக்கிறாரோ?

"அக்கா, சீக்கிரம் வாங்க! இவருக்குக் கண்ணு சொருகுது" என்று ஆட்டோவிலிருந்து விஜயா கத்தினாள்.

நர்சிங் ஹோமில் ஓர் இளம் டாக்டர் உடனே டிரிப் ஏற்றினார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னேன்.

"பூச்சிமருந்து அடிச்ச காயா இருக்கும். மிச்சம் இருந்தா கொண்டு வாங்க. வேற யாராவது சாப்பிட்டிருக்காங்களா?"

கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தேன். அவரால் பேச முடியவில்லை. போ என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார். விஜயாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே சந்தைக்கு ஓடினேன்.

கத்தியும் காயும்

கன்னியம்மா ஒரு பெண்ணுக்கு அவரைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். என் கோலத்தைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தாள்.

"இன்னாக்கா? இன்னா ஆச்சி?"

"சுரைக்காயை யாருக்கும் குடுக்காதே. அவரு சாறு குடிச்சிட்டு ரத்தமா வாந்தி எடுக்கறார். என்ன மருந்து அடிச்சே கன்னியம்மா?"

"மருந்தா? சுரக்காவுக்கு நா எங்கக்கா மருந்து அடிச்சேன்? அது வேலில தானா வர்றது. சாணியத் தவுர ஒண்ணும் போடல."

அதற்குள் சுற்றி நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. 'விஷம்' என்ற சொல் கோணிக்குக் கோணி தாவியது. வாங்கிய கத்தரிக்காயை ஒருவர் பையிலிருந்து கொட்டினார். எங்கள் காலனிச் சங்கச் செயலாளர் முன்னால் வந்தார். இந்தச் சந்தை சுகாதாரக்கேடு என்று மீட்டிங் தவறாமல் பேசுகிறவர் அவர்.

"நான் அப்பவே சொன்னேன். யாராவது கேட்டீங்களா? போலீசுக்குச் சொல்லணும்."

கன்னியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பூசணி கீறும் கத்தியை எடுத்து ஒரு சுரைக்காயை வெட்டி, துண்டை வாயில் போட்டு மென்றாள்.

"நல்லாத்தான் கீது."

இன்னொன்றை வெட்டினாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மூன்றாவதை வெட்டிக் கடித்தாள். கடித்த வேகத்தில் துப்பினாள். முகம் கோணிப்போனது. பக்கத்துக் கடைச் சொம்பை வாங்கி வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள்.

"இன்னாக்கா இது, இப்டி கசக்குது! என் காயா இது?"

அந்த வேலியோரக் கொடியில் அன்றும் சில காய்களை அறுத்து மற்றதோடு கலந்து போட்டிருந்தாள். எது எந்தக் கொடிக் காய் என்று பார்த்தால் தெரியவில்லை. ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் கத்தியால் குறுக்கே வெட்டித் தள்ளினாள். அன்று சுரைக்காய் ஒன்றுகூட விற்கவில்லை என்று அவள் சொன்னபோது எனக்குப் பாதி உயிர் வந்தது.

"வேதாசலம் சாரைப் பாத்தியா? இன்னொரு காய் அவருகிட்டத்தான் இருக்கு."

கன்னியம்மாவின் கை அப்படியே நின்றது.

"சாரு விடியசொல்லவே வந்தாரேக்கா. கீரை வாங்கினாரு. பையில நம்ம காயி இருந்துது, நா பாத்தேன். பொத்தேரிக்கு, பொண்ணு வூட்டுக்குப் போறேன்னாரு. அந்தப் பொண்ணுக்குக் காலெல்லாம் வீங்கி கீதாம். சாறு எட்த்துக் குடுக்கப் போறேன்னாரு."

சாருடைய மகள் உமாவை எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது ஏழாவது மாதம்.

கோணிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். பொத்தேரி அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் வெகுதூரம். உமா வீட்டில் போன் கிடையாது. மருமகன் அங்கே கல்லூரியில் வேலை பார்க்கிறார் என்பதற்குமேல் விலாசமும் தெரியாது. இங்கே நர்சிங் ஹோமில் இவர் எப்படி இருக்கிறாரோ?

"வூடு காலேஜுக்குப் பின்னாடின்னு சாரு சொல்லிகீறாரு" என்றாள் கன்னியம்மா. "மேல பசங்க வாடகைக்குக் கீறாங்களாம், ராத்திரியெல்லாம் ஒரே சத்தமாம். கீய பொண்ணு. நீ ஆஸ்பத்திரிக்குப் போக்கா. நா போறேன். அது என் காயி."

அவள் கணவர் ஏழுமலை பழைய மொபெட் ஒன்று வைத்திருந்தார். அதில்தான் மூட்டைகள் வரும். அவர் அதை உதைத்துக் கிளப்ப, அவள் பின்னால் ஏறினாள்.

"விடாதீங்க மேடம், அப்படியே ஓடிடுவா" என்றார் செயலாளர்.

கன்னியம்மா திரும்பினாள். "கடைய பாத்துக்கினு இரு சார். தோ வந்துடறேன்."

மொபெட் சத்தம்

நான் நர்சிங் ஹோமுக்குத் திரும்பினேன்.

பெரிய டாக்டர் வந்தார். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கசந்துதா?"

"ரொம்பக் கசப்புன்னார்."

"கசந்துமா குடிச்சார்?" என்று என்னைப் பார்த்தார். "பூச்சிமருந்தெல்லாம் இல்லைம்மா. சுரைக்காய் அப்படிக் கசந்தா அதுவே விஷம்தான். எப்பவோ ஒரு கொடி அப்படி வந்துடும். இதுக்குன்னு தனி மருந்து கிடையாது. பிரஷர் இறங்காமப் பாத்துக்கணும்."

"ஒரு கர்ப்பிணிப் பொண்ணு குடிச்சா டாக்டர்?"

அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டி எழுதத் தொடங்கினார்.

ஜன்னல் வழியாகச் சாலை தெரிந்தது. மொபெட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். யாரோ பால்காரர், யாரோ மீன்காரர், பின்னால் மனைவியோடு சர்ச்சுக்குப் போகிற யாரோ. ஒவ்வொரு முறை திரும்பி வந்து உட்காரும்போதும் மனம் ஒரு புதுக் காட்சியைக் காட்டியது. பொத்தேரியில் வீடு கிடைக்காமல் இருவரும் தெருத்தெருவாக அலைகிறார்கள். வீடு கிடைக்கிறது, உள்ளே உமா தரையில் கிடக்கிறாள். சார் தலையில் அடித்துக்கொள்கிறார். உங்கள் வீட்டுக்காரர் கொடுத்த காய்தானே என்று மருமகன் கேட்கிறார்.

என் கணவர் நடுவில் கண்விழித்தார். "சார்?" என்றார்.

"நல்லா இருக்கார். தூங்குங்க" என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் தாண்டியபின், நான் ஜன்னலுக்குப் போகாமல் அசந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், வாசலில் கன்னியம்மா நின்றாள். ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதி தலையெல்லாம் படிந்து ஒரே நாளில் நரைத்தவள்போல இருந்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

"அண்ணன் எப்டிக்கா கீறாரு?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"உமா?"

"நல்லா கீதுக்கா. குடிக்கல."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபின் சொன்னாள். கல்லூரிக்குப் பின்னால் இருந்த தெருக்களில் எல்லா மாடியிலும் மாணவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். எல்லா வீட்டிலும் சத்தம். வீடு வீடாகப் போய், வயித்துப்புள்ளக்காரி இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறாள். ஒரு வீட்டில் திருடி என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் பல் தேய்த்துக்கொண்டே மாடியிலிருந்து எட்டிப்பார்த்த ஒரு மாணவன், "எங்க கீழ் வீட்டக்காதான்" என்று கையைக் காட்டியிருக்கிறான்.

"உள்ளாற பூந்து பாக்கறேன், மிக்ஸில காய நறுக்கிப் போட்டு வெச்சிகினு கீறாங்க. கரெண்டு இல்லக்கா! காலீலேர்ந்து கட்டாம். கரெண்டு வரட்டும்னு அப்பாவும் பொண்ணும் பேசிகினு கீறாங்க. நா சொன்னா சாரு நம்பல. நேத்து வித்தவளே இன்னிக்கு வந்து குடிக்காதன்றியேன்றாரு. ஒரு துண்டு எட்த்து நாக்குல வெச்சிப் பாரு சார்ன்னேன். வெச்சாரு. அவ்ளோதான், அப்டியே குந்திட்டாரு."

"நீயும் மறுபடி வாயில வெச்சியா?"

"இல்லக்கா. காலீல கடிச்சதே இன்னும் போவல. நாக்கெல்லாம் மரத்துப்போயி கீது."

டாக்டரைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னேன். துப்பிவிட்டதால் பயமில்லை என்றார். சாயங்காலம் வேதாசலம் சாரும் பொத்தேரியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். என் கணவரின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பால் பாக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். மகளைப் பார்க்கிற அவசரத்தில் மறந்துவிட்டாராம்.

அந்த இரவு கடந்தது. அடுத்த நாள் வாந்தி நின்றது. வாரக் கடைசிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உமாவுக்குச் சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த சனிக்கிழமை

சந்தைக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கஞ்சியும் ரசமும் எத்தனை நாளைக்கு என்று என்னை நானே திட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மற்ற கோணிகளைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. கன்னியம்மாவின் கோணிமுன் யாரும் இல்லை. வெண்டைக்காயும் அவரைக்காயும் வெள்ளரிப் பிஞ்சும் கொண்டுவந்த மாதிரியே இருந்தன. சுரைக்காய் இல்லை, எல்லாக் கொடிகளையும் பிடுங்கி எரித்துவிட்டதாக விஜயா சொல்லியிருந்தாள். எங்கள் காலனிப் பெண்கள் அவளைப் பார்க்காததுபோல் தாண்டிப் போனார்கள்.

நான் குந்தி உட்கார்ந்து வெண்டைக்காயில் கை வைத்தேன். அவள் என் கையை மெல்ல நகர்த்தினாள்.

"ஒனுக்குக் குடுக்க மாட்டேங்கா."

"ஏன்?"

"வேற யார்கிட்டயாச்சும் வாங்கிக்கோ. எனுக்குப் பயமா கீது. ராத்திரில கண்ண மூடனா, அந்தப் பொண்ணு வவுறுதான் தெரியுது. இத்தினி வருசமா வித்துகினு கீறேன், இப்ப ஒரு காய எட்த்துத் தராசுல வெக்கக் கை வர மாட்டேங்குது."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், அவள் மாட்டேன் என்றதும் ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தபின் என்னால் எழ முடியவில்லை.

ஒரு வெள்ளரிப் பிஞ்சை எடுத்தேன். புடவைத் தலைப்பில் துடைத்து, இரண்டாக ஒடித்தேன். ஒரு பாதியை அவளிடம் நீட்டினேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

இருவரும் ஒரே நேரத்தில் கடித்தோம். மென்றுகொண்டே அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எப்டிக்கா கீது?" என்றாள், விழுங்காமல்.

"நல்லாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் விழுங்கினோம்.